ஒரே ஒரு அவுட்லையர் (மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் எண்) எடுகோள் சோதனையின் முடிவை மாற்றிவிடுமா?

மாற்றிவிடும். ஆனால் எந்தப் பக்கம் மாற்றும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரிய எண் ஒன்று நுழைந்தால் வித்தியாசம் கூடும், பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) குறையும் என்றுதான் நானும் வெகுநாள் நம்பினேன். அதைக் கலைத்தது டார்வினின் மக்காச்சோளக் கணக்கு.

அவர் 1876-ல் வெளியிட்ட சோதனை அது. மொத்தம் 15 ஜோடிச் செடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்தது, மற்றது தன் மகரந்தச் சேர்க்கையில் வந்தது. உயர வித்தியாசம் (அயல் செடியின் உயரத்தில் தன் செடியின் உயரத்தைக் கழித்தது), அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவில்: 49, –67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, –48. இதை 1935-ல் புள்ளியியலாளர் ஃபிஷர் எடுத்து அலசினார். சராசரி 20.93, சோதனையின் அளவுகோலான டி மதிப்பு 2.148. 5% மட்டத்தில் (பி மதிப்பு 5%-க்குள் வர) தேவைப்படுவது 2.145. மயிரிழையில் தேறியது!

இப்போது 75-ஐத் தவறிப்போய் 175 என்று பதிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 27.6 ஆக ஏறுகிறது, அதாவது அயல் செடிதான் உயரமாக வளரும் என்ற டார்வினின் கருத்துக்குச் சாதகமாக. ஆனால் டி மதிப்போ 2.00-க்கு இறங்கி, சோதனை தோற்றுவிடுகிறது. போட்டுப் பாருங்கள், நம்பவே முடியாது. காரணம் எளிது: டி என்பது சராசரியைத் திட்டப் பிழையால் வகுத்தது. திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை, அதாவது எண்களின் சிதறலை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. அந்த ஒற்றை எண் மேலே சராசரியை உயர்த்துவதைவிட, கீழே திட்ட விலக்கத்தை அதிகமாக ஊதிவிடுகிறது. 175-ஐ இன்னும் இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் டி மதிப்பு 1-ஐ நோக்கித்தான் போகும்.

வில்காக்சன் என்ற இன்னொரு சோதனையில் இந்தத் தட்டச்சுப் பிழை ஒன்றுமே செய்யாது. அதற்கு எண்ணின் அளவு முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். 75 ஆனாலும் 175 ஆனாலும் அதுதான் மிகப் பெரியது.

அப்போ அவுட்லையரை நீக்கிவிடலாமா? –67, –48 இரண்டையும் எடுத்துவிட்டால் டி 5.52-க்குத் தாவும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு ஜோடிகளில் தன் மகரந்தச் செடிதான் உயரமாக வளர்ந்தது. அதுவும் அந்தச் செடிகள் தந்த பதில்தானே? ஃபிஷர் பதினைந்தையும் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார். அளவெடுத்ததில் பிழை, பதிவில் பிழை என்று உறுதியாகக் காட்ட முடிந்தால் நீக்குங்கள். முடியாவிட்டால் வைத்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை செய்து, இரண்டு முடிவையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.