அம்மம்மாவுக்கு ஒரு கதிரை

வணக்கம். விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெடியனுக்குத் தகப்பன் இல்லை, தாய் குவைத்தில் வீட்டு வேலை. அம்மம்மாதான் வளர்க்கிறா. அவவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கண்ணும் சரியில்லை. பெடியன் வீட்டுப்பாடம் செய்வதில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. சிறுவர் இல்லமொன்றில் சேர்த்தால் படிப்பாவது மிஞ்சும் என்று நினைக்கிறேன். இப்படியான பிள்ளைக்கு அம்மம்மா வளர்ப்பால் உண்மையில் பயன் உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி என்று பல கஷ்டங்களுக்குள் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளானார்கள். அவர்களுக்குக் கைவிடாத ஒரு பெரியவராவது இருந்தார். பல வீடுகளில் அது பாட்டனோ பாட்டியோதான்.

புலமைப்பரிசிலை விடுங்கள். அது இந்தப் பிள்ளையின் பிரச்சினையே இல்லை.

1996இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டிருந்தோம். அப்பா செத்த பிறகு அம்மா பேச்சை நிறுத்திவிட்டா. பள்ளிக்கூடம் மரத்தடியில். என் அம்மம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. இரவில் ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட இழுத்து, என் கொப்பியில் விரலை வைத்து, "இதிலை என்ன கிடக்கு, வாசி" என்பா. வாசிப்பேன். "பிறகு?" என்பா. எழுதாத நாட்களில் நானே கட்டி வாசிப்பேன். அதற்கும் "பிறகு?" தான். அப்பாவின் சாவை முதன்முதலில் நான் வாய்விட்டுச் சொன்னதும் அப்படித்தான், வெறும் பக்கத்தைப் பார்த்து வாசிப்பதுபோல. அவ அழவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. "பிறகு?" என்று கேட்டா. நான் மிச்சத்தையும் சொன்னேன்.

எழுதத் தெரியாதவவின் வளர்ப்பால் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சிறுவர் இல்லங்களில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தகப்பனை இழந்து, தாயையும் கைத்தொலைபேசியில் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு ஆள். அந்த ஆளையும் பிரித்துவிட்டு எதைப் படிப்பிக்கப் போகிறீர்கள்?

இன்னொன்று. இவ்வளவு எழுதிய நீங்கள் அந்த மனுசியோடு கதைத்ததாக ஒரு வரி எழுதவில்லை. பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஆச்சிமாரை வாசலில் நிற்கவைத்து, "தாய் வரேல்லையோ? கையெழுத்து எங்கை?" என்று கேட்டதை வன்னியில் நானே பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். பிறகு "வீட்டில் அக்கறையில்லை" என்று நாமே சொல்வோம். 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளைப் புதைத்தவர்களும் உண்டு, இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அந்தத் துக்கத்தோடுதான் விடிய எழும்பிப் புட்டு அவித்து, பேரனுக்குத் தலை இழுத்து அனுப்புகிறார்கள். களைத்துப்போன அம்மம்மாவைத் தனியே விட்டுவிட்டு, அவவின் அன்பு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நானும் சொல்லமாட்டேன். அவவைத் தாங்க ஆள் வேண்டும்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட யாரையாவது கூட அனுப்புங்கள். முதியோர் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று கிராம சேவகரிடம் நீங்களே கேளுங்கள். வருகிற கூட்டத்தில் அவவுக்கு முன்வரிசையில் கதிரை போட்டு, பெடியன் எதில் கெட்டிக்காரன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தை அடுத்த கூட்டத்தில் கதைக்கலாம்.