குசினிப் பக்கம் நிற்கப்போகிற மாமி

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு மாதம். இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கனடாவில் இருக்கும் இவரின் அண்ணா குடும்பத்தோடு ஓகஸ்டில் வருகிறார். அவரும் அவரது மனைவியும்தான் ஞானப்பெற்றோராகத் தலைதொடப் போகிறார்கள். மண்டபச் செலவும் அவர்களுடையது. 250 பேருக்குச் சொல்ல வேண்டும், ட்ரோன் கமரா வேண்டும் என்கிறார்கள். என் அம்மாவோ வீட்டிலேயே அடக்கமாகச் செய் என்கிறா. யார் சொல்லைக் கேட்பது? சமையலைப் பற்றிக் கவலையில்லை. எங்களோடு இருக்கிற மச்சாள், இவரின் அக்கா, பார்த்துக்கொள்ளுவா. பிள்ளையைக் குளிக்கவார்க்கிறது, நித்திரையாக்கிறது எல்லாம் அவதான். வெள்ளைச் சட்டையும் தைத்துவிட்டா. புருஷனை இழந்தவ என்பதால் அன்றைக்குக் குசினிப் பக்கம் நிற்கிறேன் என்று அவவே சொல்லிவிட்டா.
- ஒரு தாய், பாசையூர்

பதில்: மகள், மண்டபமா வீடா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"அவவே சொல்லிவிட்டா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவவே எப்படிச் சொன்னா? ஏதோ ஒரு கலியாண வீட்டில் அவர் தட்டைத் தூக்கப் போனபோது யாரோ ஒருத்தி வந்து மெதுவாகக் கையிலிருந்து வாங்கியிருப்பாள். இன்னொரு வீட்டில் படம் எடுக்கும்போது "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றிருப்பார்கள். அப்படிப் பழகித்தான் இப்போது யாரும் கேட்க முன்னமே குசினிக்குப் போகிறேன் என்கிறார். நீங்களும் "சரி மச்சாள்" என்று விட்டுவிட்டு, சமையல் கவலை தீர்ந்தது என்று எனக்கு எழுதுகிறீர்கள். எட்டு மாதமாக உங்கள் பிள்ளையைத் தன் காலில் கிடத்திக் குளிக்கவார்த்த மனுஷி அவர். கோயிலில் அவன் தலையில் தண்ணீர் விழுகிற நேரத்தில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

நீங்கள் வேதக்காரர். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். குழந்தை யேசுவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுக்கக் கொண்டுபோனபோது அங்கே நின்றவர் யார்? பானுவேலின் மகள் அன்னா. கணவனோடு ஏழு வருடம் வாழ்ந்து, பிறகு 84 வயது வரை கைம்பெண்ணாக இருந்தவர். அவரை மாதா ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. வருடாவருடம் பெப்ரவரி 2ஆம் திகதி மெழுகுதிரி பிடித்து அந்தத் திருநாளைக் கொண்டாடுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து நம்முடைய மச்சாளைக் குசினிக்கு அனுப்புகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மூத்தவனின் ஞானஸ்நானத்துக்கு நானும் இதையேதான் செய்தேன். எங்கள் வளவில் இருந்த ஒரு கைம்பெண், பிள்ளையை என்னைவிட அதிகம் தூக்கியவர், அன்று பின்பக்கம் அடுப்படியில் நின்றார். தலைதொட்டப்பா கொழும்பில் இருந்து வந்தார். நல்ல மனிதர், சங்கிலி போட்டுவிட்டுப் போனார். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவனுக்கு இரண்டு வயது. எனக்குக் கையில் மற்றக் குழந்தை. நாவற்குழிப் பக்கம் சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நெரிந்த அந்த இரவு முழுக்க, அவனை ஒரு துவாயால் தன் இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தவர் அந்த மனுஷிதான். தென்மராட்சியில் இறக்கியபோது அவன் அவருடைய சேலையை விட மாட்டேன் என்று அழுதான். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அதனால் தலைதொடுவது யார் என்பதை முதலில் திருத்துங்கள். திருச்சபைச் சட்டத்தின்படி ஒரு ஞானத்தந்தையும் ஒரு ஞானத்தாயும் போதும். ஒருவர் மட்டும் இருந்தாலும் போதும். கத்தோலிக்கராக, 16 வயது நிறைந்தவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, விசுவாசத்தோடு வாழ்கிறவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாய் தகப்பனாக இருக்கக்கூடாது. கைம்பெண் கூடாது என்று எங்கேயும் இல்லை. அண்ணா ஞானத்தந்தையாக நிற்கட்டும், அது அவருக்கு உரிமையான இடம். ஞானத்தாய் உங்கள் மச்சாள். பங்குத் தந்தை "இந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு உதவத் தயாரா" என்று கேட்கும்போது, எட்டு மாதமாக அதைச் செய்து காட்டியவர் "ஆம்" என்று சொல்லட்டும். அவருடைய பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறும். நாளைக்கு உங்கள் மகன் கலியாணத்துக்குப் பத்திரம் எடுக்கப் போனாலும் அந்தப் பெயர் அங்கே இருக்கும்.

கனடா அண்ணிக்கு மனம் நோகுமே என்பீர்கள். நோகட்டும், இரண்டு நாளில் ஆறிவிடும். உங்கள் கணவரே போன் எடுத்துத் தன் அண்ணாவிடம் பேச வேண்டும். அக்கா இருவருக்கும் அக்காதானே. செலவு செய்கிறவர் சொல்வதெல்லாம் நடக்க வேண்டும் என்றால், பிள்ளையின் தலையை விற்றதாகிவிடும்.

ஓகஸ்ட் வரை இழுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே எட்டு மாதமாகிவிட்டது. இந்த மாதமே பங்குத் தந்தையிடம் போய், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் உங்கள் விவாகப் பத்திரத்தையும் கொடுத்து, ஆயத்த வகுப்பு எப்போது என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். அண்ணாவால் வர முடியாவிட்டால் மச்சாள் ஒருவரே போதும். அன்றைக்கு உங்கள் அம்மா சொன்னபடி வீட்டில் சாப்பாடு, பயத்தம் பணியாரம், கேக். ஓகஸ்டில் அவர்கள் வரும்போது மண்டபத்தில் ஒரு விருந்து வைக்கட்டும், ட்ரோனும் பறக்கட்டும். 15ஆம் திகதி மடு மாதா கோயில் திருநாள், அதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலமும் கிட்ட வரும், மண்டபத்துக்கு நேரத்தோடு சொல்லிவையுங்கள்.

இன்று பின்னேரம் மச்சாள் பிள்ளையைக் குளிக்கவார்த்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள். முதலில் வேண்டாம் என்பார். விடாதீர்கள். அந்த வெள்ளைச் சட்டையை நீங்கள்தான் போட்டுவிட வேண்டும் மச்சாள் என்று சொல்லுங்கள். சமையலுக்கு ஆள் பிடியுங்கள்.