நிரூபிக்க வேண்டியது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதுகிறேன். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் என் அம்மாவுக்கு விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய பட்டியலில் அவர் பெயர் ‘பீ’ என்று முடிகிறது, இப்போது ‘பேகம்’. “நான் இந்த ஊர்க்காரி இல்லையா?” என்று கேட்டு அழுகிறார். அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைச் சட்டத்தையே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் முடக்கியதாகப் படித்தேன். தீர்ப்புகளை நம்பலாமா?

அ., பேரணாம்பட்டு

அன்புள்ள அ.,

அம்மாவிடம் லால் பாபு ஹுசைன் வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள். டெல்லியிலும் பம்பாயிலும் ஏராளமான ஏழைகளிடம் ‘குடியுரிமையை நிரூபி’ என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல, விசாரித்துச் சேர்த்தது, அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. சந்தேகம் இருந்தால் அதற்கான ஆதாரத்தை அதிகாரி அந்த வாக்காளரிடம் காட்ட வேண்டும். அவர் கொண்டுவரும் எந்த ஆவணத்தையும் பார்க்காமல் தள்ளக் கூடாது.

நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் இதில் எல்லாமே. அமெரிக்காவில் நடந்ததும் அதுவே. 1965ஆம் ஆண்டு ஓட்டுரிமைச் சட்டப்படி, பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி பெற வேண்டியிருந்தது. நீங்கள் படித்த 2013 தீர்ப்பில், அதாவது ஷெல்பி கவுண்டி வழக்கில், 5-4 என்ற கணக்கில், எந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் பிரிவே ரத்தானது. அதன் பிறகு பாதிக்கப்பட்டவர்தான் கோர்ட்டுக்கு ஓட வேண்டும். வட கரோலினா 2013இல் கொண்டுவந்த சட்டம் கறுப்பினத்தவரைக் குறிவைத்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2016இல். நடுவில் 2014 தேர்தலே நடந்து முடிந்துவிட்டது! வழக்கில் ஜெயித்தாலும் போன ஓட்டு போனதுதான்.

நம் வாக்காளர் பட்டியல் திருத்தமும் சுமையை வாக்காளர் பக்கம் தள்ளுகிறது என்பதே என் எண்ணம். அதனால் கோபம் வருகிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கு விசாரணை நாள் என்றால் அன்றைய கூலி போச்சு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்குப் பஸ் செலவு வேறு.

ஆனாலும் தீர்ப்புகள் வீணில்லை. இதே திருத்தம் நடந்த பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வைத்ததும், ஆதாரை அடையாளச் சான்றாக ஏற்க வைத்ததும் 2025இல் உச்ச நீதிமன்றம்தான்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய பட்டியலின் பக்கம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துப்போங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பெயரை நீக்கினால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 24ஆம் பிரிவின்படி 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். தெருவில் வேறு யாருக்கும் நோட்டீஸ் வந்திருந்தால் அவர்களையும் சேர்த்து அழைத்துப்போங்கள்.