ராஜகல மலை ஏறப் போறாக்களுக்கு: கேள்வியும் பதிலும்

அம்பாறையில் இருந்து மகாஓயா போகும் ஏ27 வீதியில் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தூரத்தில் ராஜகல இருக்கிறது. கி.மு. காலத்துப் பௌத்த மடாலயம், காட்டுக்குள்ளே 600க்கு மேற்பட்ட இடிபாடுகள். லீவுக்குப் போக இருக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கல்லடி: அண்ணா, டிசம்பர் லீவில போகலாமா?

வேணாம் தம்பி. மாரி மழையில் பாறை முழுக்கப் பாசி பிடிச்சிருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். பெப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை நல்லம். ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும். வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போகுது என்று தெரியாமலே தலை சுத்தி விழுவார்கள்.

செங்கலடி: எந்தப் பக்கத்தால போறது? பஸ் இரிக்கா?

சொந்த வாகனம் என்றால் உங்களுக்கு செங்கலடி, புல்லுமலை, மகாஓயா வழி. மகாஓயாவில் அம்பாறைப் பக்கம் திரும்ப வேணும். பஸ் என்றால் கல்முனைக்கு வந்து அம்பாறை போய், அங்கிருந்து மகாஓயா பஸ். இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கொண்டக்டரிடம் கேட்டுவையுங்க. பலர் மாட்டுப்படுவது மலையில் இல்லை, பின்னேரம் அந்த வீதியோரத்தில்தான். எந்த வழியால் போனாலும் விடியுமுன்னும் பொழுதுபட்ட பிறகும் யானை வீதிக்கு வரும். மோட்டார்சைக்கிள்காரர் வெளிச்சம் வந்தபிறகு வெளிக்கிடுங்க.

அக்கரைப்பற்று: உம்மாவுக்கு 62 வயசு, முழங்கால் நோ. ஏற ஏலுமா சேர்?

மலை 1,000 அடிக்குச் சற்று மேல். சுகதேகியாக இருக்கிறவருக்கு அடிவாரத்தில் இருந்து இடிபாடுகள் இருக்கும் தட்டுக்கு முக்கால் மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். உம்மாவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வையுங்க. ஏறுவதை விட இறக்கம்தான் முழங்காலைக் கொல்லும். இடுப்பளவு உயரத்தில் ஒரு தடி, சின்னச் சின்ன அடி, பக்கவாட்டாக இறக்கம். பாதி வழியில் நோ தொடங்கினால் அங்கேயே திரும்ப வேணும், மேலே போய் இளைப்பாறலாம் என்று நினைக்காதீங்க.

களுவாஞ்சிக்குடி: தண்ணி எவ்வளவு? சாப்பாடு என்ன கொண்டுபோற?

ஆளுக்கு 3 லீற்றர். அதில் ஒரு லீற்றரில் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) ஒரு பக்கற். அரைப் போத்தலில் முழுப் பக்கற்றையும் கொட்டிக் கெட்டியாகக் குடித்தால் தாகம் கூடுமே ஒழியத் தீராது. பால்சோறு, தேங்காய்ப்பால் கறி வேண்டாம், பத்து மணி வெயிலுக்கே புளிச்சுப்போகும். ரொட்டி, கட்டச் சம்பல், பேரீச்சம்பழம் போதும். பொலித்தீன் பையைக் கையில் தூக்கிப்போனால் குரங்கு பறிக்கும், முதுகுப் பைக்குள் போடுங்க. றப்பர் செருப்பு கூடவே கூடாது. காய்ந்த சருகு மூடின பாறையில் அது சறுக்குப் பலகை மாதிரி.

ஏறாவூர்: போய் வந்தாக்கள் "வெறும் கல்லுத்தான்" எண்டு சொல்றாங்க. என்னத்தப் பாக்கிற?

எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் போனால் கல்லுத்தான். முதலில் குகைகளின் நெற்றியைப் பாருங்க. பாறை விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு ஓடும். மழைநீர் பாறையோடு ஒட்டி வழிந்து குகைக்குள் வராமல், அந்த வெட்டில் அறுந்து வெளியே சொட்டவேண்டும் என்று செய்தது. பிக்குகள் இருந்த குகைக்கும் வெறும் குகைக்கும் வித்தியாசம் இந்த ஒற்றை வெட்டு. பல குகைகளில் அதற்குக் கீழேயே, இன்னார் பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்த குகை என்று பழைய பிராமி எழுத்தில் இருக்கும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சோக்கட்டியால் தேய்க்காதீங்க, கல் கெட்டுப்போகும். ரோச் லைட்டைப் பக்கவாட்டில், பாறையோடு அணைத்துப் பிடித்தால் ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

ராஜகலவைப் பேர்பெற வைத்ததும் ஒரு கல்வெட்டுத்தான். இந்தத் தீவுக்கு அதன் நற்பேற்றால் வந்த இட்டிய தேரர், மகிந்த தேரர் இருவரின் தூபி இது என்கிறது. தேவநம்பிய தீசன் காலத்தில் இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த அதே மகிந்தர். மகாவம்சம் போன்ற நூல்களில் வரும் பெயர் கல்லிலும் நிற்பதுதான் அதன் பெறுமதி.

பிறகு, முடிக்காமல் விட்ட ஒரு பெரிய கல் பாத்திரம். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் அதிகம் சொல்லும். உளி எங்கே நின்றது என்று தேடுங்க. சுற்றியுள்ள பாறைகளில் வரிசையாகச் சின்னக் குழிகள் தென்பட்டால், அது ஆப்பு அடித்துக் கல் பிளந்த தடம். இவ்வளவையும் பார்க்க மூன்று மணித்தியாலம் வேண்டும். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் பதினொன்றுக்குள் இறங்கத் தொடங்கலாம். அதற்குப் பிறகு பாறை உலைதான்.

வந்தாறுமூலை: பாம்பு, குளவி?

கல் இடுக்கில் கை விடாதீங்க, விழுந்த தூணைத் தாண்டாமல் மேலே கால் வைத்து ஏறிப் பார்த்து இறங்குங்க. புடையன் பாம்பு தூணுக்கு அப்பால் நிழலில்தான் படுத்திருக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டுறது, கீறுறது, பச்சிலை ஒன்றும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்க. கடிபட்டவரை நடக்க விடாதீங்க, தூக்குங்க. குளவிக்கு சென்ட் வாசமும் சத்தமும் ஆகாது.

திருக்கோவில்: குடும்பிமலையும் இதே பக்கமா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். குடும்பிமலை என்பது தொப்பிகல, கிரான் பிரிவு, மட்டக்களப்பு மாவட்டம். குடும்பிகல வேறு: பாணமையில் இருந்து உகந்தை போகும் பாதையில், உருளை வடிவத் தூபி உள்ள பழைய ஆச்சிரமம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரருக்குத் தெரிந்த பக்கம்தான். வாடகை வான்காரருக்கு வெறும் பெயரை மட்டும் சொன்னால் மற்ற மாவட்டத்தில் கொண்டுபோய் இறக்குவார்.

ஆரையம்பதி: இரவு தங்கலாமா? ட்ரோன்?

தங்க ஏலாது. ட்ரோனுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும். தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, தூபிக்கு மேலே ஏறிப் படம் எடுக்கிறதில்லை. ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடப் பைக்குள் போடாதீங்க. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம், விளையாட்டுக்கு எடுத்தேன் என்று பொலிசிடம் சொல்லித் தப்ப ஏலாது.

கல்லடி (திரும்பவும்): வரும்போது குளிக்க இடம் இரிக்கா?

மகாஓயா பக்கத்தால் திரும்பினால் வெந்நீர் ஊற்று. மாத்து உடுப்பை வாகனத்தில் விட்டுட்டுப் போங்க, மலைக்குச் சுமக்க வேண்டாம்.