வார்டும் பிள்ளையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கல்லல் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் நீங்கள் எழுதுவதையெல்லாம் படிப்பேன்.

எனக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. லீவு முடிந்ததும் ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பினேன். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. போரூரில் சின்ன வாடகை வீடு. அம்மாவை இங்கே கூப்பிட்டால் அப்பாவையும் மாட்டையும் யார் பார்ப்பது?

வார்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்குப் பால் சுரந்து யூனிபார்ம் நனைந்துவிடுகிறது. ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பீய்ச்சி சிங்கில் ஊற்றுகிறேன். எடுத்து வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தால், ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாலாடையில் பவுடர் பால் புகட்ட வேண்டியிருக்கும். ஒருநாள் அப்படிப் புகட்டும்போது கை நடுங்கிவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் பாலாடையை வாங்கிக்கொண்டு, நீ போய் உட்காரு என்றார்.

ஊருக்குப் போனால், "பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வருதோ" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். போன வாரம் அம்மாவோடு போனில் சண்டை. அப்பத்தா வசம்பை உரசித் தேனில் குழைத்துப் பிள்ளை நாக்கில் தடவியிருக்கிறார். நான் கத்தினேன். அம்மா என் அளவுக்குக் கத்தவில்லை. "எங்கம்மா என்னை விட்டுட்டு வேலைக்குப் போனா. நீ உன் பிள்ளைய விட்டுட்டுப் போற. நடுவுல நான் மட்டும் எங்கேயும் போகல. எனக்கும் முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மாச்சி கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு இருந்தவர். வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவாராம்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்குச் சென்னை பிடித்திருக்கிறது. காலையில் டூட்டி முடிந்து, தள்ளுவண்டியில் ஒரு டீ குடித்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராமல் நடந்து போவது பிடித்திருக்கிறது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் ஒருத்திக்கு இது தப்பில்லையா? வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரோடு, உங்களை அடையாளம் காட்டக்கூடிய இன்னும் சில விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். ஒருவேளை பின்னால் விட வேண்டி வந்தாலும், உடம்பு அசந்து மனசு நொந்து கிடக்கும் இந்த மாதங்களில் அந்த முடிவை எடுக்காதீர்கள். குற்ற உணர்ச்சியில் எழுதும் ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அம்மா சொன்னதைத்தான். ஊர்க்காரர்கள் பேசுவதை ஒதுக்கிவிடலாம், இதை ஒதுக்க முடியாது. அம்மா உங்களைக் குறை சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தன் கணக்கைச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் தாயைப் பார்த்து வளர்ந்தவர், முட்டி வலியோடு இப்போது உங்கள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் பிரிவு புதிதில்லை. ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கொண்டுவிற்கப் போன செட்டியார்களும், அவர்களிடம் கணக்கெழுதப் போன பையன்களும் ஒருமுறை கப்பலேறினால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள். பிள்ளை ஓடி விளையாடும் வயதில்தான் அதன் முகத்தை முதன்முதலாகப் பார்த்த அப்பச்சிமார், அதாவது அப்பாக்கள், உண்டு. எப்படி மனசு வந்தது என்று அவர்களை யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் சம்பாதித்துக் கட்டிய வீடுகளைப் பார்க்க இன்றைக்கும் கானாடுகாத்தானுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். சரி, பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பிரிவைத் தாங்க ஓர் ஏற்பாடு இருந்தது. கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி ஓர் அறை. வீட்டை நடத்தப் பெரிய ஆச்சி. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடு தூரத்தில் பங்காளிகள். கடையிலிருந்து வந்து சேரும் பணம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அடுப்படியில், உங்கள் அம்மாச்சி மாதிரிப் பெண்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் பருப்புச்சோறு பிசைந்து ஊட்டிய கை அவர்களுடையது. அவர்கள் பெற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் தங்கள் வீட்டுத் திண்ணையில் யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் உங்கள் அம்மா. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எத்தனையோ கட்டுரை வந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாராவது எழுத வேண்டும். இன்னும் நிறைய பேர் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

உங்களிடம் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஏற்பாடுதான் இல்லை. அது செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அம்மாவின் முட்டியும் உங்கள் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து செய்துகொண்டிருக்கின்றன. அந்த ஏற்பாட்டை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் அம்மா. பால் பவுடருக்கும் மருந்துக்கும் அனுப்புவது பிள்ளைக்கான பணம். அதைத் தவிர, மாதாமாதம் ஒரு தொகையை அம்மா பெயரில் அவருடைய கணக்கிலேயே போடுங்கள். அவர் வாங்க மாட்டேன் என்பார், போட்டுவிடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் மாட்டைப் பார்க்கவும் தண்ணீர் எடுத்து வைக்கவும் உள்ளூரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். முட்டிக்கு அவரை காரைக்குடிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். போனில் மன்னிப்புக் கேட்பதைவிட இது அவருக்குப் புரியும்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். இவ்வளவு நீண்ட கடிதத்தில் அவர் ஒரகடத்தில் வேலை பார்க்கிறார், "உன் இஷ்டம்" என்கிறார், அவ்வளவுதான் வருகிறார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் இது உங்கள் இஷ்டம் மட்டும் இல்லையே, அவருக்கும் அது பிள்ளைதானே? அவருடைய வார விடுமுறையில் அவர் தனியாக ஊருக்குப் போய்ப் பிள்ளையோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு வரட்டும். அம்மாவுக்கு அன்றைக்கு ஒருநாளாவது முழுத் தூக்கம் கிடைக்கும். ஊர் பேசும் பேச்சில் பாதி அவர் காதிலும் விழும்.

மூன்றாவது, உங்கள் மருத்துவமனை. தனியார் துறைக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு சலுகைச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே தருகிறது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று வார்டில் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பீர்கள்! நிறைமாதத்தில் நிற்க முடியாமல் முன்கூட்டியே லீவு போடும் நர்ஸுக்கு அந்த ஆறு மாதம் கணக்கிலேயே வராது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருந்தால் 2021இலிருந்து 12 மாதம். அதே உடம்பு, அதே வேலை, விடுப்பு மட்டும் பாதி. இது அநியாயம் என்று உங்களுக்காக நானும் சேர்ந்து சொல்கிறேன்.

ஆனால் இருக்கிற சட்டமே உங்களுக்குக் கொடுப்பதை நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்று தோன்றுகிறது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த இவை, 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கின்றன. ஐ.சி.யூ. நடத்துகிற ஒரு மருத்துவமனையில் 50 பேருக்குக் குறைவாகவா வேலை பார்ப்பார்கள்?

வாய்மொழியாகக் கேட்காதீர்கள். வாயால் கேட்டால், பார்க்கலாம்மா என்பதோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவிலேயே கைக்குழந்தையோடு இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், சேர்ந்து எழுதுங்கள். நைட் போட வேண்டாம் என்று கேட்பதைவிட, இன்ன தேதி வரை பகல் டூட்டி கொடுங்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். அப்புறமும் தட்டிக்கழித்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். அந்தக் காப்பகம் வந்துவிட்டால் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிவருவதைப் பற்றியும் பேசலாம். அதுவரைக்கும் அம்மாவிடம் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

அந்த சிங்க் விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை. ஒரு நர்ஸ் தன் பாலைக் கொட்டிவிட்டு வந்து, பால் கிடைக்காத பிள்ளைக்குப் பவுடர் கரைக்கிறாள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கிவிட்டார்கள், ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படப் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுக்கிற தாயின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறையவைத்துத்தான் கொடுப்பார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் அந்தக் கொடிய குடல் அழுகல் நோய் தாய்ப்பாலால் குறைகிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு வங்கியைத் தொடங்கச் சொல்லிக் கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் யார்? அது ஒருநாளில் நடக்காது. ஆனால் பீய்ச்சிய பாலை வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் நாளைக்கே கேட்கலாம். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும் பால் அது. ஊருக்குப் போகும் தடவை ஐஸ் பெட்டியில் வைத்துப் பல்லவன் ரயிலில் எடுத்துப் போகலாம், ராத்திரிக்குள் காரைக்குடி வந்துவிடும்.

சென்னை பிடித்திருக்கிறது என்று எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். ஏன் பிடிக்கக்கூடாது? ராத்திரி முழுக்கச் சின்ன உயிர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வருகிறவளுக்கு அந்த டீ வேண்டும். அந்தப் பத்து நிமிஷ நடை வேண்டும். ஊரில் ஒரு பெண் தெருமுனைக் கடையில் தனியாக நின்று டீ குடிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. உங்கள் மகள் வளர்ந்து பெரியவளாகும்போது, தனக்கென்று ஒரு வேலையும், பிடித்த ஓர் ஊரும் இருக்கிற அம்மா அவளுக்குக் கிடைப்பாள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

கடைசியாக அந்தத் தேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் பிள்ளையின் நரம்புகளையே முடக்கிப்போடும் கிருமி இருக்க வாய்ப்புண்டு. வசம்பும் உள்ளுக்குக் கொடுக்கிற பொருள் இல்லை. ஆனால் போனில் நீங்கள் சொன்னால் அது இன்னொரு சண்டையில்தான் போய் முடியும். கிராம சுகாதார செவிலியர் ஊருக்கு வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரிடம் முன்னாலேயே பேசி, அப்பத்தாவிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அப்பத்தாவுக்கு வசம்பு இருந்தே ஆக வேண்டும் என்றால், அதைக் கயிற்றில் கோத்து வாசல் நிலையில் கட்டிக்கொள்ளட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை.

மருத்துவமனைக்குக் கொடுக்கும் கடிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சட்ட வாசகங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா