14 அடி படகு, 15 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டார்): வேகம் வரவில்லை, திருப்பத்தில் நழுவுகிறது. 20 மாட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர்மேல் எழும்பி ஓடும் படகில், சக்தி கூடும் அளவுக்கு வேகம் கூடாது. ஏறக்குறைய அதன் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். 15-ஐ 20 ஆக்கினால் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, வேகம் கூடுவதோ 15 சதவீதம் அளவுக்குத்தான். அதுவும் படகு ஒழுங்காக எழும்பினால். உங்கள் படகு எழும்பவே இல்லை என்பதுதான் பிரச்சினை.

14 அடிப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் நிலையில் சுமார் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் வரைக்கும் சிரமமில்லாமல் போகும். அதற்குமேல் போக, தானே எழுப்பிய அலையின் மேல் அது ஏறியாக வேண்டும். அமரத்தில், அதாவது பின்பகுதியில், பாரம் அதிகமானால் அந்த ஏற்றத்திலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு பேர் ஏறினால் அணியம் (முன்பகுதி) தூக்கியபடியே போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த நிலைதான்.

பின்னால் என்னென்ன இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் என்றால் அதுவே 50 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். 25 லிட்டர் பெட்ரோல் டேங்க் நிரம்பியிருந்தால் இன்னொரு 20. பேட்டரி, நங்கூரம், போதாததற்கு மோட்டாரைத் திருப்பும் கைப்பிடியைப் பிடித்தபடி நீங்கள். டேங்க்கையும் பேட்டரியையும் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள், எரிபொருள் குழாயை நீட்டினால் போதும். கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் ஒன்று மாட்டினால் நீங்களும் ஒரு இருக்கை முன்னால் வரலாம். படகுக்குச் செலவழிக்கும் பணத்தில் இவ்வளவு பலன் தரும் பொருள் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். உள்ளே தேங்கிய தண்ணீரையும் இறைத்துவிடுங்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அது சும்மாவும் இருக்காது, வேகமெடுத்தால் பின்னால் ஓடும், திருப்பினால் சாயும் பக்கம் ஓடும்.

அடுத்து மோட்டாரின் சாய்வு. மோட்டாரைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டில் வரிசையாகத் துளைகளும் அதில் ஒரு குறுக்குக் கம்பியும் இருக்கும். கம்பி படகைவிட்டு விலகிய துளையில் இருந்தால், மோட்டார் தள்ளும் தள்ளில் அணியம் மேலே போகும். திருப்பத்தில் புரொப்பல்லர் மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுழலும். உங்கள் இரண்டு புகாருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு துளை உள்ளே தள்ளிப் பாருங்கள், காசு செலவில்லை. ஆனால் ஒரேயடியாக உள்ளே தள்ளினால் அணியம் தண்ணீரில் புதைந்து, கைப்பிடி கனத்து, படகு திடீரென ஒரு பக்கம் இழுக்கும். அது இப்போதுள்ளதைவிட ஆபத்து.

அதோடு உயரத்தையும் பார்த்துவிடுங்கள். படகின் அடிப்பாகத்தை ஒட்டி நேரான கட்டை ஒன்றை வைத்துப் பின்னால் நீட்டினால், புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு, அதாவது கேவிட்டேஷன் பிளேட், அந்தக் கோட்டிலோ, ஒரு அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்தால் இழுவையும் தண்ணீர்ச் சிதறலும். மிக உயர்ந்தால் மறுபடியும் அதே காற்று, அதே வெறும் சுழற்சி. பின்பலகை 20 அங்குலமும் மோட்டார் 15 அங்குலப் பலகைக்கானதுமாக இருந்தால் எந்தச் சரிக்கட்டலும் பலிக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் புரொப்பல்லர். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி மாட்டும் சிறிய டாக்கோமீட்டர் (சுற்றுகளை எண்ணும் கருவி) ஒன்று வாங்கி, வழக்கமான பாரத்தோடு முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் மோட்டாரின் கையேடு நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று என்று சொல்லி, நீங்கள் 4600-ஐத் தாண்டவில்லை என்றால் பிச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். பிச் கூடினால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மோட்டார் அதைச் சுழற்ற முடிந்தால்தானே! உதாரணமாக 9 அங்குல பிச், 2.08 கியர் விகிதம், 5500 சுற்று என்றால் காகிதத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். புரொப்பல்லர் தண்ணீரில் நழுவி வீணாவது 15 முதல் 20 சதவீதம் போக, 29 அல்லது 30 நிஜத்தில் கிடைக்கும். ஜிபிஎஸ் அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால், புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். உள்குழாயிலும் வெளிப்பாகத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

அடிப்பாகத்தில் பாசியோ கொட்டலசோ (ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிற்றுயிர்) பிடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள், இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், கேவிட்டேஷன் பிளேட்டின் அடியில் சின்னத் துடுப்புபோல ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, கைப்பிடி இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது படகு திரும்பப் பார்க்கும் பக்கமாக, அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்பி முடுக்குங்கள்.

அதே பிளேட்டில் ஹைட்ரோஃபாயில் என்ற இறக்கையை மாட்டச் சொல்லிப் பலர் வருவார்கள். அணியத்தைத் தாழ்த்த அது உதவும்தான், ஆனால் பிளேட்டில் துளை போடவேண்டி வரலாம், உச்ச வேகமும் சற்றுக் குறையலாம். பாரத்தை நகர்த்திப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள். கடைசியில் 20 குதிரைத்திறன்தான் என்று முடிவெடுத்தால், முதலில் படகின் தகட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைப் படியுங்கள்.