டாக்யார்டு வேலைக்குப் பென்ஷன் உண்டா?

மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டான், விசாகப்பட்டினம் கடற்படை டாக்யார்டில் (போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளம்) அப்ரண்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஆனால் அப்ரண்டிஸ் என்பது பயிற்சிதான், வேலை இல்லை. மாதாமாதம் உதவித்தொகை வரும், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து, டிரேட்ஸ்மேன் (தொழில்திறன் பெற்ற தொழிலாளி) பணிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து, தேர்வில் தேறினால்தான் நிரந்தரம். இதைச் சொந்தக்காரர்களுக்கும் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

தேறிவிட்டால் 7வது ஊதியக்குழுவின் லெவல் 2, அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். 2025 ஜூலையின் 58% அகவிலைப்படி 11,542. விசாகப்பட்டினத்துக்கு வீட்டுவாடகைப்படி 20%, அதாவது 3,980. குவார்ட்டர்ஸில் தங்கினால் இது கிடையாது. மொத்தம் 35,000 தாண்டும். அதில் அடிப்படை, அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 10% ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள்.

அந்தப் பிடித்தம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் அப்பா காலத்துப் பழைய பென்ஷன், 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு இல்லை. இப்போது இருப்பது என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம், சேரும் பணம் சந்தையைப் பொறுத்து வளரும்), 2025 ஏப்ரலில் வந்த யுபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) இரண்டும்தான். யுபிஎஸ் வேண்டுமானால் வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். புது ஊரில் ரூம் தேடி அலையும் பையன் இந்தப் படிவத்தை மறந்துவிடுவான், நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். யுபிஎஸ்ஸில் 25 வருடம் முடித்து ஓய்வு பெற்றால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, மாத ஓய்வூதியமாக உறுதி. விலைவாசிக்கேற்ப உயர்வும் உண்டு. 60 வயதுவரை இருப்பான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பத்து வருடத்தில் துபாய்க்குக் கிளம்பும் எண்ணம் இருந்தால் என்பிஎஸ். ராஜினாமா செய்தவருக்கு அந்த உறுதித்தொகை கிடையாது.

அப்புறம், அதே ஊரில் இந்துஸ்தான் ஷிப்யார்டும் இருக்கிறது. அதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான், ஆனால் பொதுத்துறை கம்பெனி. இதுபோன்ற கம்பெனிகளில் பொதுவாக பிஎஃப்தான். பிஎஃப் பென்ஷனை 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிடுவதால், 35 வருடம் உழைத்தாலும் மாதம் 8,000 ரூபாய்க்குள்தான் தேறும். கம்பெனி தனியாக ஓய்வூதியத் திட்டம் வைத்திருந்தால் அது கூடுதல். ஷிப்யார்டு வேலை மட்டம் என்று சொல்லவில்லை. சம்பளத்தை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். இரண்டு வாசலிலும் காண்ட்ராக்ட் ஆட்களும் பாஸ் வாங்கி உள்ளே போகிறார்கள். நியமனக் கடிதத்தில் வேலை கொடுப்பவராக டாக்யார்டு அல்லது ஷிப்யார்டு பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.